எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடம்

பீற்றர் அண்ணை மேசையில் ஓங்கி அடித்தார். மேசை அசையவில்லை. மேலே இருந்த அலுமினியத் தட்டு மட்டும் ஒருமுறை துள்ளி, சுற்றி, அடங்கியது.

நான் மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த பியர்ப் பெட்டியின் மேல் இருந்தேன். மடியில் கைப்பிரதி. நடிகர்கள் வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுப்பது என் வேலை.

திரையோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் பார்த்தால் மூன்றாம் வரிசை தெரியும். அங்கே நடைபாதையோரக் கதிரையில் என் சொந்த அண்ணை இருந்தார். மண்டபத்தில் சூடு நன்றாகவே இருந்தது. ஆனாலும் குளிரங்கியைக் கழற்றாமல், பொத்தானைக்கூடத் திறக்காமல் இருந்தார். அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேசையைச் செய்தவள் அவருடைய மகள் சுபா. அப்பாவும் மகளும் எட்டு மாதமாகப் பேச்சில்லை.

அன்றைய தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. மண்டபத்தில் எத்தனை கதிரை போட்டோம், இடைவேளைக்குப் பொரித்த பற்றீஸில் எத்தனை மிஞ்சியது என்பதும் இருக்கிறது. ஆனால் நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரில் தேதி எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஸ்டுட்கார்ட், ஈரப்பனி பெய்த ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். இவ்வளவு போதும்.

அமெரிக்கக் குசினிகள்

ஈழத்துக் கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து நாடகம் போடுவோம். இயக்குநர் எப்போதும் பீற்றர் அண்ணைதான். மன்னார்க்காரர். ஊரில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் யூதாசாகப் பலமுறை நடித்தவர். இங்கே ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் வேலை. அரச நாடகங்களும் சீதன நாடகங்களும் போட்டுப் போட்டு அவருக்கு அலுத்துவிட்டது. "தம்பி, புதுசா ஏதும் கொண்டா" என்றார்.

என்னிடம் புதிதாக இருந்தவை அமெரிக்க நாடகங்கள்தான். ஜெர்மன் வகுப்பில் எனக்குப் படிப்பித்த ஆசிரியை ஓய்வு பெறும்போது ஒரு துணிப்பை நிறைய மெல்லிய புத்தகங்கள் தந்துவிட்டுப் போனார். எல்லாம் ஜெர்மன் மொழிபெயர்ப்புகள். "வெறும் பேச்சுத்தான், வர்ணனை குறைவு, மொழி பழக நல்லது" என்றார். பதினான்கு புத்தகங்கள். பதினான்கையும் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன்.

ஏறக்குறைய எல்லாமே ஒரு குசினிக்குள், அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் நடந்தன. வீடு விற்பனைக்கு வரும், அல்லது வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வரும். அப்பா ஒரு பழைய பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அது தெரியும். அப்பாவின் பக்கத்தைப் படித்தால் அப்பாதான் சரி என்று தோன்றும். பக்கத்தைப் புரட்டினால் மகன் சரி. கடைசி அங்கத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் முகத்துக்கு முகம் சொல்லித் தீர்ப்பார்கள். திரை விழும்.

அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் யார் தேத்தண்ணி போட்டார்கள் என்று எனக்கு அறிய ஆசையாக இருக்கும். அதை யாரும் எழுதியிருக்கவில்லை.

ஒன்றைத் தமிழில் எழுதி பீற்றர் அண்ணையிடம் கொடுத்தேன். நாடகத்தின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் போட்டோம். மரம் அரியும் ஆலையில் வேலை செய்யும் தகப்பன். மகன் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று அவருக்குக் கனவு. மகன் படிப்பை விட்டுவிட்டுக் கார் திருத்தும் இடத்தில் சேர்கிறான். கதை அவ்வளவுதான்.

பீற்றர் அண்ணை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட தம்பி, சண்டை பிடிக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுகினம். எங்கடை ஆக்கள் கோவம் எண்டால் முதல் சாப்பாட்டையெல்லோ விடுகிறது?"

"அங்கத்தைய வழக்கம் அப்பிடி அண்ணை."

"அதோடை நேரே நேரே கதைக்கினம். எங்கடை வீட்டிலை ஆர் கோவத்திலை நேரே கதைச்சது?"

அவர் சொன்னது சரி. எனக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நடுவில் நான்

அண்ணி ஊரிலேயே காலமாகிவிட்டார். அண்ணை சுபாவை எட்டு வயதில் கையில் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு வைத்தியசாலைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஐந்து மணிக்கு எழும்பி மகளுக்குப் பாண் வெட்டி வைத்துவிட்டுப் போவார். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் படிக்கும் கிம்னாசியத்தில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அண்ணை அவளை எஞ்சினியர் என்றே நினைத்திருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். தச்சு வேலைக்கு ஔஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்துவிட்டது, கையெழுத்தும் வைத்துவிட்டேன் என்று வந்து சொன்னாள். எஸ்லிங்கன் பக்கம் ஒரு சிறிய பட்டறை.

அண்ணை ஒன்றும் கத்தவில்லை. எழும்பிப் போய்க் கை கழுவினார். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

அவள் விடுதியறைக்குப் போகும்வரை இருந்த மூன்று கிழமையும் நான் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை வீட்டுக்குப் போனேன். சிறிய வீடு. அவர் கதிரையில், அவள் கட்டிலில், இடையில் மூன்று முழம்.

"அவளிட்டைக் கேள், தேத்தண்ணி வேணுமோ எண்டு."

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ சித்தப்பா."

"பிறகு தலையிடிக்குது எண்டு சொல்லக்கூடாதெண்டு சொல்லு."

"எனக்குத் தலையிடிச்சால் நான் ஆரிட்டையும் சொல்லுறேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது எனக்கும் கேக்குது, உங்களுக்கும் கேக்குது. பிறகு நான் என்னத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உடனே இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சிரிப்பையும் அடக்கியதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குள் கோபம் வந்தால் நடுவில் ஒருவர் தேவை. அந்த ஆள் சொல்லை எடுத்துப் போய் எடுத்து வருவார். தன்னுடையதாக எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் தனக்கென்று வைத்திருக்கவும் கூடாது. அவள் போன பிறகு நான் சனிக்கிழமை அவளிடமும் ஞாயிற்றுக்கிழமை அவரிடமும் போனேன். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கச் சொல்லு. வாங்கியாச்சு எண்டு சொல்லுங்கோ. என் நாட்குறிப்புக் கொப்பியில் இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் அவள் சொன்னது. நான் வேலை செய்த களஞ்சியத்தில் இயந்திர உதிரிப்பாகங்களின் இலக்கங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒரு இலக்கம் பிசகினால் ஒரு இயந்திரம் நிற்கும். அதே கவனத்தோடு இதையும் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை தானாக ஒன்று சொன்னார். மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"புதன்கிழமையளிலை எனக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியும். நான் வீட்டை வாறேல்லை. அவள் வேலை செய்யிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கு. அதிலை போய் நிப்பன். யன்னலுக்குள்ளாலை அவளின்ரை முதுகு தெரியும். ஒரு பஸ் போகும், ரெண்டு பஸ் போகும். உள்ளுக்குப் போவம் எண்டு யோசிப்பன். போய் என்னெண்டு கூப்பிடுறது? திரும்பி வந்திடுவன்."

"நான் அவளிட்டைச் சொல்லட்டோ அண்ணை?"

"வேண்டாம்." கத்தியை நிறுத்தினார். "இதை நானே சொல்லுவன். இது நான் சொல்லவேண்டியது."

வீடு திரும்பும் பஸ்ஸிலேயே அதை எழுதினேன். சொல்லுக்குச் சொல்.

தகப்பன் பேசாத இடம்

ஒத்திகைகள் நடந்தன; தகப்பன் வேடம் பீற்றர் அண்ணைக்கு. முதலில் வைத்த மடக்கு மேசை பீற்றர் அண்ணையின் அடிக்கு மூன்று தரம் வழுக்கிப் போனது. நான் சுபாவிடம் கேட்டேன். பட்டறையில் மிஞ்சிய பீச் மரத்தில் அவள் ஒரு மேசை செய்து தந்தாள். கழற்றிப் பூட்டக்கூடிய மேசை. மண்டபத்துக்குள் கொண்டு வந்தபோது பற்றீஸ் மணத்தையும் மீறி மரத்தூளும் பசையும் மணத்தது.

கடைசி அங்கத்தில் மகன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு, மூலத்தில் தகப்பனுக்கு வசனமே இல்லை. "அவர் தட்டைத் தள்ளி வைக்கிறார். நீண்ட மௌனம்" என்று மட்டும் இருந்தது.

"இது சரிவராது தம்பி" என்றார் பீற்றர் அண்ணை. "நான் சும்மா நிண்டால் வசனத்தை மறந்திட்டான் எண்டு பின்வரிசையிலையிருந்து எடுத்துக் குடுப்பாங்கள். தகப்பனுக்கு ஒரு சொல்லுப் போடு."

நான் நாலு நாள் முயன்றேன். எழுதியதெல்லாம் காகித அட்டை மாதிரி உயிரில்லாமல் இருந்தது. ஐந்தாம் நாள் கொப்பியைத் திறந்தேன்.

அண்ணைக்கும் சுபாவுக்கும் உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். இருவரும் மண்டபத்தில் இருப்பார்கள்; அவள் மேடைக்குப் பின்னால், அவர் முன்னால். சொல்ல முடியாத ஒன்றை நாடகம் சொல்லிவிடும், மிச்சம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மையல்ல. அந்த வசனம் நன்றாக இருந்தது. நான் எழுதியவற்றில் அதுபோல ஒன்றும் இருக்கவில்லை.

"அவள்" என்பதை "நீ" ஆக்கினேன். வேறொன்றையும் மாற்றவில்லை. புதன்கிழமையைக்கூட.

"தம்பி, அமெரிக்காவிலை உப்பிடி பஸ் ஓடுதோ? அங்கை எல்லாரிட்டையும் கார் எண்டெல்லோ கதை."

"ஓடும் அண்ணை."

"கண்டனியோ?"

"காணேல்லை."

"அப்ப ஓடட்டும்" என்றார்.

அண்ணையிடம் நாடகத்துக்கு வரச் சொன்னேன். சுபா செய்த மேசை மேடையில் நிற்கும் என்றும் சொன்னேன். "முடிஞ்ச பிறகு அவள் நிப்பாளோ?" என்று கேட்டார்.

"ஓம். மேசையைக் கழற்ற அவள்தான் வேணும்."

"அப்ப சரி. அண்டைக்குக் கதைக்கிறன்."

இதையும் எழுதி வைத்தேன். இதை எழுதிய பிறகும் அந்த வசனத்தை வெட்ட எனக்குத் தோன்றவில்லை.

கால் ஆடேல்லை

பீற்றர் அண்ணை மேசையில் அடித்தார் என்று தொடங்கினேன். அடித்தார், தட்டைத் தள்ளி வைத்தார், பிறகு மிகவும் மெதுவாக, "புதன்கிழமையளிலை எனக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியும்" என்று தொடங்கினார்.

வெறும் யூதாசாக நடித்தவர் என்று அவரைப் பலர் பகிடி பண்ணுவார்கள். அன்று அவர் அருமையாக நடித்தார். பிள்ளைகளின் சத்தம்கூட நின்றது. "என்னெண்டு கூப்பிடுறது?" என்ற இடத்தில் யாரோ ஒரு பெண் விம்மியது கேட்டது. பிறகு காட்சி முடியும் முன்பே கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள்.

நான் இடைவெளிக்குள்ளால் பார்த்தேன். அண்ணை எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் கை தட்டிக்கொண்டிருக்க, அவர் வாசல் பக்கம் நடந்தார்.

நாடகம் முடிந்ததும் ஓடிப்போனேன். டிராம் நிறுத்தத்தில் நின்றார். தொப்பியில்லாத தலையில் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது.

"அண்ணை."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாக் கை தட்டிச்சினம்" என்றார்.

"நான் நினைச்சன், உங்களுக்கு..."

"நீ நினைச்சிருப்பாய். நீ எல்லாத்தையும் நல்லாத்தான் நினைப்பாய்." கோபமாகச் சொல்லவில்லை. "என்னட்டை அவளுக்குச் சொல்ல ஒண்டுதான் இருந்தது, தம்பி. அதை ஊருக்குச் சொல்லிப்போட்டாய். இனி நான் போய்ச் சொன்னால் பீற்றர் சொன்னதையெல்லோ திருப்பிச் சொல்லுறன்."

டிராமின் விளக்கு வளைவில் தெரிந்தது.

"நல்ல மேசை" என்றார். "அந்த மனிசன் அந்த அடி அடிச்சும் கால் ஆடேல்லை."

"அதை அவளிட்டைச் சொல்லட்டோ?"

"சொல்லு" என்று ஏறிப் போய்விட்டார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். சுபா மேடையில் முழந்தாளிட்டு, மேசையைக் கவிழ்த்து வைத்துக் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகாணிகளை ஒரு யோகட் கோப்பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"அப்பா சொன்னவர், கால் ஆடேல்லையாம்."

"ம்" என்றாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. இரண்டாம் காலைக் கழற்றினாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்:

"சித்தப்பா, அந்த பஸ் தரிப்பிடக் கதை எங்கையிருந்து வந்தது?"

எனக்கு அண்ணை சொன்னது நினைவுக்கு வந்தது. இது நான் சொல்லவேண்டியது. அவருடைய சொல்லை ஒரு மண்டபத்துக்கே விற்றுவிட்டு, ஒரே ஒருத்திக்கு முன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"புத்தகத்திலை இருக்கு" என்றேன். "அமெரிக்கக்காரன் எழுதினது."

"உண்மையாவோ?"

"ஓம்."

"சரி" என்றாள். மூன்றாம் காலின் திருகாணி இறுகியிருந்தது. அதைக் கழற்ற அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மேசைக்கு இடமில்லை

அப்பாவும் மகளும் பிறகு பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. அடுத்த வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கஞ்சி வைத்துக் கொண்டுபோனார். அவள் பயிற்சி முடித்து லைப்சிக்கில் வேலைக்குப் போன பிறகு கிழமைக்கு ஒருதரம் தொலைபேசி. சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம். அவ்வளவுதான். நடுவில் நான் தேவைப்படவில்லை. நடுவில் ஆள் இருந்தபோது அவர்கள் இன்னும் கொஞ்சம் கூடப் பேசினார்கள் என்று சில வேளை தோன்றும்.

பஸ் தரிப்பிடத்தைப் பற்றி அண்ணை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. போன மாரியில் காலமானார்.

மேசையை வைக்க யாருக்கும் இடமிருக்கவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தொடரை அதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இந்த அத்தியாயத்தை எழுத முதல் சுபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவளுக்குச் சொந்தப் பட்டறை. பின்னால் மரம் அரியும் வாளின் சத்தம் கேட்டது, நிறுத்தச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், புதன்கிழமை, டிராம், என் பொய்.

அவள் கதவைச் சாத்துவது கேட்டது.

"சித்தப்பா, அந்த யன்னலுக்குள்ளாலை எனக்கும் வெளியிலை தெரியுந்தானே" என்றாள். "அப்பா நிக்கிறதை நான் கண்டனான். முதல் புதனே கண்டனான். அதிலை நிக்கிற ஒரே பஸ் எங்கடை வீட்டுப் பக்கம் போறேல்லை. எனக்காகத்தான் வந்து நிக்கிறார் எண்டு நினைச்சன். மற்றப் பயிற்சிப் பொடியனோடை இடம் மாறி, யன்னலடியிலை இருந்த வேலை வாங்கைக் கேட்டு எடுத்தனான். புதன்கிழமையளிலை நான் திரும்பிப் பாக்காமல் வேலை செய்வன். பாத்தால் போயிடுவார் எண்டு பயம். நாடகத்திலை அது வரேக்கை, அப்பா உங்களிட்டைச் சொல்லியிருக்கிறார் எண்டு நினைச்சன். அதுதான் உங்களிட்டைக் கேட்டனான்."

"நான் புத்தகத்திலை இருக்கெண்டு சொன்னன்."

"ஓம். அப்ப நினைச்சன், நான்தான் தேவையில்லாமல் கற்பனை பண்ணியிருக்கிறன், அப்பா வேறை எங்கையோ போகத்தான் பஸ்ஸுக்கு நிண்டிருக்கிறார் எண்டு. வெக்கமாப் போச்சு. அடுத்த கிழமையே வாங்கைத் திருப்பிக் குடுத்திட்டு உள்ளுக்குப் போயிட்டன்."

எழுதலாமோ என்று கேட்டேன். "எழுதுங்கோ. இந்த முறை முதலிலை எனக்குச் சொல்லிப்போட்டியள்தானே" என்றாள். வாளின் சத்தம் மறுபடி தொடங்கியது.

தொலைபேசியை வைத்துவிட்டு அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன். நாடகத்துக்கு மூன்று கிழமை கழித்து ஒரு பதிவு இருக்கிறது. என் கையெழுத்து, கோணல் இல்லாமல், வழக்கம்போல. இத்தனை வருடத்தில் பலமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அப்படியே தருகிறேன்.

"புதன். மழை. பின்னேரம் அண்ணை வந்தவர், நல்லா நனைஞ்சு. பிள்ளையை உள்ளுக்கு மாத்திப்போட்டினம் போலை, இப்ப யன்னலிலை ஆள் இல்லை எண்டார். இனிப் போறேல்லை எண்டும் சொன்னார். தேத்தண்ணி குடிச்சவர். நாலு ஐம்பது பஸ்ஸிலை போனவர்."